கண்ணால் எழுதுவது: டிராக்கர் வாங்கிய பிறகு தொடங்கும் வேலை

பார்வையைப் படித்துக் கணினியை இயக்கும் கண் டிராக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்து யூஎஸ்பியில் செருகுகிறார்கள். கருவிக்குக் கண்ணைப் பழக்கும் கேலிபரேஷனுக்காகத் திரையில் வரும் புள்ளிகளை நோயாளி ஒருமுறை பார்த்து முடிக்கிறார். "அம்மா" என்று எழுதச் சொல்கிறார்கள். எதைப் பார்த்தாலும் பக்கத்து எழுத்து விழுகிறது. அரை மணி நேரத்தில் கண் எரிகிறது, சுற்றி நிற்பவர்களுக்குச் சலிப்பு தட்டுகிறது, மறுநாள் பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. உடல் தசைகளைப் படிப்படியாக முடக்கும் மோட்டார் நியூரான் நோய் வந்த ஒருவருக்காக ஒரு குடும்பம் பெரும் பணம் போட்டு வாங்கிய கருவி இப்படி முடங்கிப் போனால், குறை பெரும்பாலும் அதைச் சுற்றி இருக்கும். எந்தக் கோணத்தில் நிற்கிறது, அறை வெளிச்சம் எப்படி, திரையில் ஒரு விசை எத்தனை சென்டிமீட்டர் என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கருவி எதைப் பார்க்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் பிடிபடும். திரைக்குக் கீழே ஒட்டும் பட்டையில் அகச்சிவப்பு எல்இடிகளும் கேமராவும் இருக்கும். ஒளி பெரும்பாலும் 850 நானோமீட்டர் அளவில் இருப்பதால் நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அந்த ஒளி கருவிழியின் முன்படலத்தில் பட்டுச் சின்ன வெண்புள்ளியாக மின்னும். கேமரா அந்தப் புள்ளியையும் கண்மணியின் மையத்தையும் பிடித்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளக்கிறது. தலை அசையாமல் கண் மட்டும் திரும்பினால் கண்மணி நகரும், வெண்புள்ளி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பார்வையின் திசை கணிக்கப்படுகிறது. இரண்டில் ஒன்று மறைந்தாலும், பொய்யான இன்னொரு வெண்புள்ளி நுழைந்தாலும் கணக்கு கெடும்.

நல்ல டிராக்கரின் பிழை 0.5 முதல் 1 பாகை வரை இருக்கும். 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும்போது 1 பாகை என்றால் திரையில் சுமார் 1 செ.மீ. சாதாரண 15.6 அங்குல லேப்டாப்பில் சன்னலை மூடும் பெருக்கல் குறி அதைவிடச் சிறியது. கருவியின் விலையைக் கூட்டினாலும் இது ஓரளவுக்கு மேல் மாறாது, ஏனென்றால் கண்ணே அப்படித்தான் அமைந்திருக்கிறது. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒரு நேரத்தில் 1 முதல் 2 பாகை வரைதான் பார்க்கிறது. கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அகலம் அது. அந்த நகத்துக்குள் எந்த மூலையில் கவனம் இருக்கிறது என்பதைக் கண்ணை அசைக்காமலே நம்மால் மாற்ற முடியும். அதை எந்தக் கேமராவாலும் படிக்க முடியாது. ஆகவே எழுதுவதற்கான விசை 2.5 செ.மீ. இருந்தால் நிம்மதி, 2 செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் சண்டைதான்.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. முகத்துக்கு நேரே உங்கள் விரலைப் பிடித்து மேலே, கீழே, இடம், வலம் என நகர்த்தி, ஒவ்வொரு முனையிலும் 2 விநாடி பார்வையை நிறுத்தச் சொல்லுங்கள். ஏ.எல்.எஸ். என்ற மோட்டார் நியூரான் நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பொதுவாகக் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், அதனால்தான் இந்தக் கருவி அவர்களுக்கு இவ்வளவு பெரிய துணை. மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் உடல் முழுக்க முடங்கிய சிலருக்கு மேலும் கீழும் மட்டுமே கண் அசையும். அவர்களுக்குப் பக்கவாட்டு விசைப்பலகை பயன்படாது, மேலிருந்து கீழாக நாலைந்து கட்டங்கள் போதும். கண் தொடர்ந்து துடிக்கும் நிலை இருந்தாலோ, இமை பாதிக் கண்மணியை மூடினாலோ முதலில் கடன் வாங்கிய கருவியில் ஒரு வாரம் முயன்று பாருங்கள். ஏ.எல்.எஸ். வந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கண்ணால் எழுதினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பயன்படுத்தியது கன்னத் தசையின் அசைவை. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அதைப் படித்தது. பார்வை முறையையும் அவருக்கு முயன்று பார்த்தார்கள். தொங்கிய இமை இடம் கொடுக்கவில்லை. ஒருவருக்குக் கண் ஒத்துவரவில்லை என்றால் கன்னம், புருவம், ஒரு விரல் நுனி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

இனி ஸ்டாண்டு. மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, இதில் கஞ்சத்தனமே கூடாது.

திரை முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்து படுத்திருப்பவரின் முகம் கூரையை நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருக்கும். அப்படியானால் திரையும் அதே அளவு குனிந்து அவரைப் பார்க்க வேண்டும். மேசையில் நிமிர்ந்து நிற்கும் லேப்டாப்பைக் கட்டில் பக்கம் தள்ளி வைத்தால் வேலைக்கு ஆகாது. கண்ணிலிருந்து தூரம் 55 முதல் 65 செ.மீ., அதை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கண்களின் மட்டம் திரையின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும், அப்போது கீழேயிருக்கும் கேமராவுக்கு இமைக்கு அடியிலிருந்து கண்மணி முழுதாகத் தெரியும். அதை விட்டுத் திரையைத் தாழ்த்தினால் நோயாளி கீழே பார்ப்பார், மேல் இமை இறங்கும், கண்மணி மறையும்.

மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியின் முகமூடி போட்டிருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மூக்குப் பாலத்தின் மேல் ஏறி நிற்கும் பிளாஸ்டிக், கீழேயிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஒரு கண்ணை மறைத்துவிடும். திரையைக் கொஞ்சம் உயர்த்திச் சாய்த்துப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் மென்பொருளில் மறையாத கண்ணை மட்டும் படிக்கச் சொல்லி அமைத்துக்கொள்ளலாம். முகமூடியின் வகையை மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இடம் சரியாக அமைந்த நொடியில் அதை அடையாளப்படுத்துங்கள். ஸ்டாண்டின் சக்கரங்கள் நிற்கும் இடத்தில் தரையில் கலர் டேப். கட்டிலின் தலைப்பக்கம் எத்தனை பாகை தூக்கியிருக்கிறது என்பதற்குக் கட்டில் சட்டத்தில் ஒரு மார்க்கர் கோடு. தலையணை எது, எத்தனை என்று ஒரு சீட்டு, கூடவே பக்கத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோ. பகலில் மகள், இரவில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை தம்பி என்று ஆள் மாறும் வீட்டில், யார் வந்தாலும் 2 நிமிடத்தில் அதே நிலைக்குக் கொண்டுவர முடிந்தால்தான் கருவி தினமும் பயன்படும். மலிவான வளையும் கைகளில் திரையை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் அது மெல்லத் தொங்கிவிடும். கேலிபரேஷன் போய்விட்டதே என்று குழம்பும் முன் அந்த மூட்டுகளை முறுக்கிப் பாருங்கள்.

வெளிச்சத்தில் நம் கண்ணை நம்பக் கூடாது. அறை மங்கலாகத் தெரிந்தாலும் சன்னல் வழியே வரும் வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. பழைய குண்டு பல்பிலும் ஹாலஜன் விளக்கிலும் அப்படியே. எல்இடி விளக்குகளால் பெரிய தொல்லை இல்லை. காலையில் நன்றாக வேலை செய்து மாலை நான்கு மணிக்குச் சொதப்பும் கருவி என்றால் மேற்குச் சன்னலைப் பாருங்கள், கனமான திரைச்சீலை போதும். முழு இருட்டும் வேண்டாம். இருட்டில் கண்மணி விரியும், வெளிச்சத்தில் சுருங்கும், அந்த மாற்றத்தில் அதன் மையமும் சற்று நகரும். விளக்கைப் போட்டுக் கேலிபரேஷன் செய்துவிட்டு விளக்கை அணைத்து எழுதினால் எல்லாம் கொஞ்சம் தள்ளி விழுவது இதனால்தான். எந்த வெளிச்சத்தில் எழுதப் போகிறாரோ அதே வெளிச்சத்தில் கேலிபரேஷன் செய்யுங்கள்.

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. லென்ஸில் தெரியும் எல்இடி பிம்பம் கண்மணிக்கு மேலேயே விழுந்தால் மட்டும் தொல்லை. திரையின் சாய்வை நாலைந்து பாகை மாற்றினால் பிம்பம் விலகிவிடும். கைரேகை, கீறல், தடித்த சட்டம், மூக்கில் வழுக்கி இறங்கும் சட்டம் எல்லாமே கெடுதல். இரட்டைக் குவிய லென்ஸில் மேல்பாதி வழியே ஓர் அளவும் கீழ்ப்பாதி வழியே வேறோர் அளவும் வரும், அதனால் திரையின் மேல் வரிசை சரியாகவும் கீழ் வரிசை தப்பாகவும் இருக்கும். திரை தூரத்துக்கென்று ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்துவிடுவதே நல்லது. கண்ணைச் சிமிட்டாமல் உற்றுப் பார்ப்பதால் கண் வறண்டுபோகும். சொட்டு மருந்து போட்டால் சில நிமிடம் கழித்துத் தொடங்குங்கள், ஈரம் வழியும்போது வெண்புள்ளி சிதறும்.

கேலிபரேஷனைப் பரீட்சை மாதிரி நடத்தாதீர்கள். 5 புள்ளி போதும், நன்றாக ஒத்துழைப்பவருக்கு 9. வேகத்தைக் குறைத்து வையுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் பேசக் கூடாது. பேசினால் அவர் உங்களைப் பார்ப்பார், அந்தப் பார்வையைக் கருவி புள்ளியைப் பார்த்ததாகப் பதிவு செய்துவிடும். முடிந்ததும் "சரி" என்று திரை சொல்வதை மட்டும் நம்பாமல், வெற்றுப் பக்கத்தில் ஒன்பது இடங்களில் பெரிய எழுத்துகளைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டி எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக ஒரே அளவு தள்ளி விழுந்தால் உட்காரும் நிலை மாறியிருக்கிறது, நிலையைத் திருத்தி மறுபடி செய்தால் போதும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுட்டி நடுங்கினால் கேமராவுக்குக் கண் தெளிவாகத் தெரியவில்லை: வெளிச்சம், கண்ணாடி, இமை என்று தேடுங்கள். நடுவில் சரியாக இருந்து ஓரங்களில் மட்டும் தப்பினால் திரை பெரிது அல்லது தூரம் குறைவு. மாறுகண் இருந்தால் இரண்டு கண்ணின் சராசரி எங்கோ நடுவில் போய் நிற்கும், எந்தக் கண்ணால் பார்க்கிறாரோ அதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதோடு ஒரு சில்லறை விஷயம்: நாலு கருவிகள் தொங்கும் யூஎஸ்பி ஹப்பில் டிராக்கரைச் செருகாதீர்கள். மின்சாரம் போதாமல் விட்டுவிட்டு அணையும்.

அடுத்தது கிளிக். கண் பார்ப்பதற்காக இருக்கிறது, அழுத்துவதற்காக இல்லை. பார்த்த இடமெல்லாம் கிளிக் ஆனால் என்ன ஆகும்? தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் மன்னனின் பெயரைத்தான் கணினி ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் 1990-ல் இந்தச் சிக்கலுக்கு வைத்தார். நம் கதைகளில் பஸ்மாசுரனின் கை அதைவிடப் பொருத்தம். இன்றும் பரவலான தீர்வு, பார்வை ஒரே விசையில் குறிப்பிட்ட நேரம் நின்றால் மட்டும் கிளிக் என்பது. அந்த நேரத்தை ட்வெல் என்கிறார்கள். சாதாரணமாக ஒரு பொருளைப் பார்க்கும்போதே கண் 200 முதல் 300 மில்லிவிநாடி நிற்கும். ட்வெல் அதற்குப் பக்கத்தில் இருந்தால் தேடும்போதே எழுத்துகள் கொட்டும்.

முதல் இரண்டு வாரம் 1,200 மில்லிவிநாடியில் வையுங்கள், பிறகு 100 100 ஆகக் குறைத்து வாருங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விசையைத் தேடி நகர 400 மில்லிவிநாடி என்று கொண்டால், 1,200 ட்வெல்லில் ஒரு விசைக்கு 1.6 விநாடி, பத்து விசைக்கு 16 விநாடி. ட்வெல்லை 800 ஆக்கினால் பத்து விசைக்கு 12 விநாடி. ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் அழிக்க ஒன்று, மறுபடி அடிக்க ஒன்று என 2.4 விநாடி கூடும். ஆறு எழுத்துக்கு ஒன்று தப்பினால் லாபம் முழுக்கப் போய்விடும், ஐந்துக்கு ஒன்று என்றால் நஷ்டம். எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள், வேகமாக எழுத வேண்டும் என்ற ஆசையில் வேண்டாம். திரையில் எங்கேயாவது உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் கட்டாயம் இருக்கட்டும், கண்ணுக்கு உட்கார ஒரு திண்ணை வேண்டும். "நிறுத்து" விசையும் பெரிதாக இருக்க வேண்டும்.

விண்டோஸில் 2017 முதல், கண்ணால் கணினியை இயக்கும் ஐ கண்ட்ரோல் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரும் ஏ.எல்.எஸ். நோயாளியுமான ஸ்டீவ் கிளீசன் கேட்டுக்கொண்டதன் பேரில் 2014-ல் மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் கண்ணால் ஓட்டும் சக்கர நாற்காலியைச் செய்து பார்த்த முயற்சியிலிருந்து வளர்ந்தது அது. ஜூலியஸ் ஸ்வீட்லேண்ட் 2015-ல் வெளியிட்ட, கண்ணால் எழுத உதவும் ஆப்டிகீ மென்பொருள் இலவசம், திறந்த மூலம். ஆனால் தமிழில் எழுதத்தானே நமக்கு வேண்டும்.

தமிழ் 99 விசைப்பலகை கண்ணுக்கென்றே செய்தது போல இருக்கிறது என்பேன். 1999-ல் கைவிரல்களுக்காக வகுத்ததுதான், ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசையில் மொத்த 247 எழுத்தும் வந்துவிடும். மூன்று வரிசைகளில் நீளமானதில் 12 விசை. 15.6 அங்குலத் திரையின் அகலம் 34.5 செ.மீ., ஆக விசைக்கு 2.5 செ.மீ. தாராளமாகக் கிடைக்கும். ஷிப்ட் கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான் தேவை. கண்ணால் எழுதுபவருக்கு ஷிப்ட் என்பது இன்னொரு முழு ட்வெல். "வணக்கம்" என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு எழுத்து, ண-வுக்காக ஒரு ஷிப்ட். தமிழ் 99-ல் வ, ண, க, க, ம, ஃ என ஆறே விசை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும், இனவெழுத்து தொடர்ந்தாலும் அப்படியே. "அம்மா" நாலு விசை: அ, ம, ம, ஆ. "வந்த" மூன்று விசை: வ, ந, த.

செய்முறை: விண்டோஸில் தமிழ் 99 பலகையைச் சேருங்கள். டிராக்கரின் மென்பொருளில் பார்வை மவுஸ் சுட்டியை நகர்த்தும் முறையை இயக்குங்கள். ரன் பெட்டியில் ஓஎஸ்கே என்ற ஆங்கில எழுத்துகளை அடித்தால் பழைய திரை விசைப்பலகை வரும். அதன் ஆப்ஷன்ஸில் சுட்டி விசை மேல் நின்றாலே அழுத்தும் முறை இருக்கிறது, நேரத்தையும் அங்கேயே மாற்றலாம். ஓரத்தைப் பிடித்து இழுத்துத் திரையின் கீழ்ப்பாதி முழுக்கப் பரப்புங்கள். இதில் தேவையில்லாத விசைகளும் சேர்ந்து வருவதால் லேப்டாப்பில் ஒரு விசை 2 செ.மீ.க்கு மேல் போகாது, 24 அங்குல மானிட்டர் இருந்தால் 3 செ.மீ. வரும். க-வை இரண்டு முறை அழுத்தினால் "க்க" வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள். வராவிட்டால் புள்ளிக்குத் தனியே ஃ பார்க்கப் பழக வேண்டும். திடீரென்று பலகை ஆங்கிலமாக மாறினால் பதறாதீர்கள், வேறு சன்னலுக்குத் தாவியபோது மொழியும் மாறியிருக்கும்.

ஐபோன் 12-லும் அதற்குப் பிந்தைய போன்களிலும், ஐஓஎஸ் 18 முதல், தனிக் கருவி இல்லாமல் முன் கேமராவே பார்வையைப் படிக்கும். செட்டிங்ஸ், அக்செஸிபிலிட்டி, ஐ டிராக்கிங். சுமார் 45 செ.மீ. தூரத்தில் ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள். பெரிய பொத்தான்களைத் தேர்ந்தெடுக்க நன்று. போனில் தமிழ் எழுத இதை நம்ப வேண்டாம்: 6.5 செ.மீ. அகலத்தில் ஒரு வரிசைக்குப் பத்து விசைக்கு மேல் வைத்தால் ஒன்று 6 மி.மீ.தான், அங்கே 1 பாகையே 8 மி.மீ. ஐபேடைக் கிடைமட்டமாக வைத்தால் பரவாயில்லை. சாதாரண வெப்கேமை வைத்து இயங்கும் இலவச மென்பொருள்களில் 3, 4 பாகை பிழை சகஜம், ஆறு பெரிய கட்டங்கள் போட்டால் பயன்படும்.

சொந்தமாகச் செய்ய விரும்புபவர்களுக்கு 2009-ன் ஐரைட்டர் நல்ல முன்மாதிரி. ஏ.எல்.எஸ். வந்த கிராஃபிட்டி ஓவியர் டோனி குவான் மறுபடி வரைவதற்காக, பிளேஸ்டேஷன் ஐ கேமராவை வைத்து நண்பர்கள் செய்தது. கேமராவின் அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியைப் போட வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அகச்சிவப்பு எல்இடிகளைக் கண்ணுக்கு அருகே கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கூசாத ஒளி என்பதால் கண்மணி சுருங்காது, இமை மூடாது, உடலின் தற்காப்பு எதுவும் வேலை செய்யாது.

எழுத்துப் பலகைக்கு முன்பே ஒரு வாக்கியப் பலகை தயாராகட்டும். "வலிக்குது" என்பதற்கே எட்டு விசை, பத்து விநாடிக்கு மேல் ஆகும். மூச்சு திணறும்போது யாராலும் அதை எழுத முடியாது. எட்டுக் கட்டம்: சளி எடுக்கணும், திருப்பிப் படுக்க வை, மாஸ்க்கைச் சரி பண்ணு, வலிக்குது, அரிக்குது, ஃபேன், இப்ப வேண்டாம், நீங்க புரிஞ்சுக்கிட்டது தப்பு. கடைசி இரண்டையும் பலரும் விட்டுவிடுகிறார்கள். மறுக்க வழியில்லாத ஒருவருக்கு நாள் முழுக்க எல்லாம் நடந்துகொண்டே இருக்கும், அவர் கேட்காதது உட்பட. விண்டோஸின் வள்ளுவர் குரல் இவற்றைத் தமிழில் வாசிக்கும். பேச்சு குழறத் தொடங்கும் முன்பே அவருடைய சொந்தக் குரலில் இவற்றைப் பதிந்து வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துப் பதியுங்கள்.

கடைசியாக, மின்சாரம் இல்லாமல் கண்ணால் எழுத ஒரு தகடு. 3 மி.மீ. தடிமனுள்ள தெளிந்த அக்ரிலிக் தகடு, 60க்கு 45 செ.மீ., நடுவில் முகம் தெரியும் அளவுக்குத் துளை. சுற்றிலும் எட்டுக் கூட்டம், கூட்டத்துக்கு நாலு எழுத்து. தமிழுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது:

அ ஆ இ ஈ
உ ஊ எ ஏ
ஐ ஒ ஓ ஔ
க ங ச ஞ
ட ண த ந
ப ம ய ர
ல வ ழ ள
ற ன ஃ முடிந்தது

31 எழுத்து, ஒரு "முடிந்தது", மொத்தம் 32. பள்ளியில் படித்த வரிசை அப்படியே இருப்பதால் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு எழுத்தை நாலு மூலையில் எழுதுங்கள். அவர் முதலில் கூட்டத்தைப் பார்ப்பார், பிறகு அந்த எழுத்து இருந்த மூலைக்கு ஏற்பப் பலகையின் மூலையைப் பார்ப்பார். எதிரே தகட்டின் வழியே அவர் கண்ணைப் பார்த்து நிற்பவர் எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சரி என்றால் ஒரு நீண்ட சிமிட்டல். எழுத்துகள் அவர் பக்கம் பெரிதாக, பின்பக்கம் உங்களுக்குச் சிறிதாக. கிரந்தத்துக்குத் தனி இடம் வேண்டாம், சன்னல் என்று எழுதினால் ஜன்னல் என்று புரிந்துகொள்வீர்கள்.

தகட்டின் மேல் ஓரத்தில் இன்னொரு துளை போட்டுக் கயிறு கட்டிக் கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டிராக்கரும் ஸ்டாண்டும் வீட்டிலேயே நிற்கும். அந்தத் தகடு அவரோடு போக வேண்டும்.